நன்கொடைக்காகச் சைக்கிள் ஓட்டப் போகிறீர்களா? இந்தத் தவறுகளைச் செய்யாதீர்கள்

எங்கள் குழுவில் எட்டுப் பேர். எல்லோரும் சென்னையில் வேலை பார்ப்பவர்கள், ஞாயிறு விடியற்காலையில் ஈசிஆரில் ஓட்டுபவர்கள். வருடத்துக்கு ஒரு முறை நீலகிரியில் நேரம் குறித்து ஓட்டி, அதை முன்னிட்டுக் குழந்தைகளின் புற்றுநோய் சிகிச்சைக்கு நிதி திரட்டுகிறோம். இதுவரை நாங்கள் செய்ததும் பிற குழுக்களில் பார்த்ததுமான தவறுகளில் பாதிக்கு மேல் பணம் சம்பந்தப்பட்டவை, அதனால் அங்கிருந்தே தொடங்குகிறேன்.

முதல் வருடம் பணம் முழுவதையும் குழுவில் ஒருவருடைய சொந்தக் கணக்கில் வாங்கினோம். நம்பிக்கையான ஆள், ஒரு ரூபாய்கூடத் தவறவில்லை. ஆனால் அதே கணக்கில்தான் ஜெர்ஸி தைத்த காசும், வேன் வாடகைக்குப் பிரித்த பங்கும், அவருடைய வீட்டு மளிகைச் செலவும் ஓடின. "எவ்வளவுப்பா சேர்ந்தது?" என்று ஒரு பெரியவர் கேட்டபோது சரியான பதில் சொல்ல மூன்று வாரம் ஆனது. அப்புறம் இன்னொன்று தெரிந்தது: மொத்தமாக ஒருவர் பெயரில் தொண்டு நிறுவனத்துக்குப் பணம் போனால் வருமான வரிச்சலுகைக்கான ரசீதும் (80ஜி ரசீது என்பார்கள்) அந்த ஒருவர் பெயரில்தான் வரும். கொடுத்த மற்ற எல்லோருக்கும் ஒன்றும் கிடைக்காது. எனவே நன்கொடை நேராக நிறுவனத்தின் கணக்குக்கே போகட்டும், கொடுப்பவர் தன் பான் எண்ணையும் அங்கேயே தரட்டும். ரொக்கமாகத் தருகிறேன் என்பவரிடம், 2,000 ரூபாய்க்கு மேல் ரொக்கமாகக் கொடுத்தால் வரிச்சலுகை கிடையாது என்பதை முதலிலேயே சொல்லிவிடுங்கள். புதிய வரிமுறையைத் தேர்ந்தெடுத்தவருக்கு எப்படிக் கொடுத்தாலும் அந்தச் சலுகை இல்லை.

வெளிநாட்டு உறவினர்கள் விஷயத்தில் இன்னும் கவனம் வேண்டும். அமெரிக்கக் குடியுரிமை வாங்கிவிட்ட சித்தப்பா ஆசையோடு 100 டாலர் அனுப்பினால் சட்டப்படி அது வெளிநாட்டு நன்கொடை, எஃப்சிஆர்ஏ எனப்படும் வெளிநாட்டு நன்கொடை ஒழுங்குமுறைச் சட்டப்படி பதிவு உள்ள நிறுவனம் மட்டும்தான் அதை வாங்கலாம். வெளிநாட்டுக் குடியுரிமை பெற்ற இந்திய வம்சாவளியினருக்குத் தரும் ஓசிஐ அட்டை இருந்தாலும் இதுதான் விதி. "என் கணக்குக்கு அனுப்புங்க, நான் இங்கே கட்டிவிடுகிறேன்" என்று தயவுசெய்து யாரும் உதவப் போகாதீர்கள், மாட்டிக்கொள்வது அந்த நிறுவனமும்தான். இந்தியக் கடவுச்சீட்டோடு துபாயிலோ சிங்கப்பூரிலோ வேலை செய்பவர் தன் சேமிப்பிலிருந்து வங்கி வழியாக அனுப்பினால் சிக்கல் இல்லை.

பயணச் செலவை நன்கொடையிலிருந்து எடுப்பதுதான் எனக்கு மனசே ஒப்பாத தவறு. அறை, வேன், நுழைவுக் கட்டணம் எல்லாம் நம் ஆசைக்கான செலவு, அதை நாம்தான் போட வேண்டும், இல்லையென்றால் அதற்கென்று தனியாக ஒரு விளம்பரதாரரைப் பிடிக்க வேண்டும். அமெரிக்காவின் மாசசூசெட்ஸ் மாநிலத்தில் 1980-ல் பில்லி ஸ்டார் என்பவர் 36 பேரோடு தொடங்கிய பான்-மாஸ் சேலஞ்ச் இன்று ஆயிரக்கணக்கானோர் ஓட்டும் நிகழ்ச்சி. ஓட்டுபவர்கள் திரட்டும் பணம் முழுவதும் டானா-ஃபார்பர் புற்றுநோய் மையத்துக்குப் போய்விடுகிறது, நடத்தும் செலவை வேறு வழியில் பார்த்துக்கொள்கிறார்கள். எட்டுப் பேர் குழுவுக்கும் அதே ஒழுங்கு சாத்தியம், நாங்கள் இரண்டாம் வருடத்திலிருந்து அப்படித்தான் செய்கிறோம்.

கேட்கும் விதம் பற்றிச் சுருக்கமாகச் சொல்கிறேன். வாட்ஸ்அப் குழுவில் ஒரு செய்தி போட்டுவிட்டுக் காத்திருக்காதீர்கள். ஒவ்வொருவராகக் கூப்பிட்டுப் பேசுங்கள், யாருக்காக, எதற்காக என்று இரண்டே வரியில் சொல்லுங்கள். கொடுக்க முடியாதவரை மறுபடி கேட்காதீர்கள்.

சரி, சாலைக்கு வருவோம். சென்னைக்காரர்களின் பெரிய தவறு சமதளத்திலேயே பயிற்சி எடுப்பது. மகாபலிபுரம் போய்த் திரும்பும் 100 கிலோமீட்டர் எதிர்க்காற்றுக்குப் பழக்கும், ஏற்றத்துக்குப் பழக்காது. மசினகுடியிலிருந்து ஊட்டிக்கு ஏறும் கல்லட்டிப் பாதையில் 36 கொண்டை ஊசி வளைவுகள், பல இடங்களில் நின்று மிதித்தாலும் வண்டி நகரத் தயங்கும். அதற்கு முன் 14 வளைவு உள்ள ஏலகிரியையும் 20 வளைவு உள்ள ஏற்காட்டையும் சில முறையாவது ஏறியிருக்க வேண்டும். பின்சக்கரத்தில் 25 பல் பெரிய கியரோடு மலைக்கு வராதீர்கள், ஏற்றத்தில் மிதிக்க எளிதான 32 அல்லது 34 பல் போட்டுக்கொள்வதில் எந்தக் கௌரவக் குறைச்சலும் இல்லை. இறங்கும்போது பிரேக்கை இழுத்துப் பிடித்துக்கொண்டே வந்தால், சக்கர விளிம்பைப் பிடிக்கும் ரிம் பிரேக் உள்ள வண்டியில் அந்த விளிம்பு சூடேறி ட்யூபே வெடிக்கலாம். வளைவுக்கு முன்னால் வேகத்தைக் குறைத்து, வளைவுக்குள் பிரேக்கை விடுங்கள்.

குழுவாக ஓட்டும்போது முன்னால் இருப்பவர்தான் காற்றை வாங்குகிறார், பின்னால் ஒட்டி வருபவருக்குக் கணிசமாக உழைப்பு மிச்சம். அதனால்தான் முறை மாற்றி முன்னே போகிறோம். தன் முறை வந்ததும் உற்சாகத்தில் வேகத்தைக் கூட்டுபவர் குழுவையே உடைத்துவிடுவார், கடைசியில் இருப்பவர் குழுவிலிருந்து பின்தங்கிவிடுவார், பிறகு அவருக்காக எல்லோரும் நிற்க வேண்டியிருக்கும். வேகமானிப்படி இருந்த வேகத்திலேயே முன்னே வாருங்கள், களைத்திருந்தால் முறையைச் சுருக்கிக்கொண்டு ஒதுங்குங்கள். இதைவிட ஆபத்தானது, உங்கள் முன்சக்கரம் அடுத்தவரின் பின்சக்கரத்துக்குப் பக்கவாட்டில் உள்ளே போவது. அவர் ஒரு குழியைத் தவிர்க்க லேசாக ஒதுங்கினாலே போதும், விழுவது பின்னால் இருக்கும் நீங்கள்தான், உங்களுக்குப் பின்னால் வரும் மூன்று பேரும் சேர்ந்து விழுவார்கள். குழியைக் கையால் காட்டுங்கள், வாயாலும் சத்தமாகச் சொல்லுங்கள், திடீரென்று பிரேக் பிடிக்காதீர்கள்.

புது ஷூ, புது சீட், ஓட்டும்போது சாப்பிடும் பழகாத எனர்ஜி ஜெல் எதையும் அன்றைக்கு முதல்முறையாகச் சோதிக்க வேண்டாம். பசி எடுத்த பிறகு சாப்பிட்டால் தாமதம். கடலை மிட்டாய், வாழைப்பழம், பேரீச்சம்பழம் என்று அரை மணிக்கொரு தரம் கொஞ்சம் கொஞ்சமாகப் போட்டுக்கொண்டே இருங்கள்.

முடிந்த பிறகு காணாமல் போகிற குழுக்கள் நிறைய. பத்து நாளுக்குள் எவ்வளவு சேர்ந்தது, எங்கே போனது, யார் எவ்வளவு தூரம் ஓட்டினார்கள் என்று கொடுத்த ஒவ்வொருவருக்கும் எழுதுங்கள், நூறு ரூபாய் கொடுத்தவருக்கும் சேர்த்துத்தான். போன முறை எங்களில் ஒருவர் கல்லட்டியில் இருபதாவது வளைவில் தசைப்பிடிப்பு வந்து வேனில் ஏற வேண்டியதாயிற்று. அதை மறைக்காமல் அப்படியே எழுதினோம். யாரும் குறை சொல்லவில்லை, இரண்டு பேர் கூடுதலாகப் பணம் அனுப்பினார்கள், ஒருவர், வேனில் ஏறியவரின் கால் இப்போது எப்படி இருக்கிறது என்று விசாரித்தார்.