கரண்டியில் வார்த்த ஈயம்

குன்னூரிலிருந்து முதல் பஸ் பிடித்து இறங்கி, மேட்டுப்பாளையத்தில் பவானிக் கரையில் தூண்டிலோடு நிற்பது என் இருபது வருடப் பழக்கம். எங்கள் குன்னூர் ஆறும் பவானியில்தான் போய்ச் சேர்கிறது. மலையில் மழை பெய்த மறுநாள் அந்த இழுப்பைப் பார்க்கவேண்டும். இரையை ஆற்றின் அடியில் நிறுத்தக் கட்டும் 30 கிராம் ஈயக் குண்டு நிற்காவிட்டால் 60, அதுவும் உருண்டால் 90 என்று கட்டிக்கொண்டே போவார்கள். நானும் அப்படித்தான் இருந்தேன். ஒரே காலையில் நான்கு குண்டுகளைப் பாறை இடுக்குக்குத் தாரை வார்த்த பிறகுதான் புத்தி வந்தது.

நீரின் வேகம் இரண்டு மடங்கானால் அதன் இழுவிசை நான்கு மடங்காகும். அது ஈயத்தோடு நிற்காது. நீருக்குள் கிடக்கும் தூண்டில் நரம்பு முழுவதையும் பிடித்து இழுக்கும். ஆகவே முதலில் நரம்பை மெலிதாக்குங்கள். 0.40 மி.மீ. நரம்பிலிருந்து 0.28-க்கு மாறினேன், 90 கிராம் கேட்ட இடத்தில் 60 போதுமானதாயிற்று. கோலை உயர்த்திப் பிடித்தால் நீரில் கிடக்கும் நரம்பு இன்னும் குறையும்.

அடுத்தது வடிவம். உருண்டை ஈயம் கூழாங்கல் மேல் கோலிக்குண்டாக ஓடும். தட்டையானதுதான் படுத்துக் கிடக்கும். கடைகளில் தேடி அலுத்து நானே வார்க்கிறேன். மெக்கானிக் கடையில் கழித்துப்போட்ட, வண்டிச் சக்கரத்தின் சமநிலைக்காகப் பொருத்தும் ஈயத்தைத் திறந்த வெளியில், புகை முகத்தில் படாதபடி நின்று உருக்கி, பழைய எவர்சில்வர் கரண்டியில் ஊற்றுவேன். கரண்டியில் ஒரு சொட்டு ஈரம் இருந்தாலும் ஈயம் தெறிக்கும். நெருப்பில் வாட்டிய பிறகே ஊற்றுங்கள். ஆறியதும் முனையில் துளையிட்டால் வேலை முடிந்தது. அந்தக் கரண்டி திரும்பச் சமையலறைக்குள் வரக்கூடாது என்பது என் மனைவியின் உத்தரவு. நியாயமான உத்தரவு.

மூன்று வளையமுள்ள ஸ்விவல் (நரம்பு முறுக்கிக்கொள்ளாமல் சுழலும் சிறு இணைப்பு) வாங்குங்கள். ஒன்றில் கோலிலிருந்து வரும் நரம்பு, ஒன்றில் ஒரு முழத்துக்குத் தூண்டில் முள் கட்டிய நரம்பு, மூன்றாவதில் ஒரு சாண் தள்ளி ஈயம். ஈயத்தைக் கட்டும் நரம்பு மட்டும் மற்றதைவிட நோஞ்சானாக இருக்கட்டும். பாறையில் சிக்கினால் அது அறுந்துபோகும், மீன் கைக்கு வரும்.

இரைக்கான புழுவை லைன் வீட்டுச் (தோட்டத் தொழிலாளர் வரிசை வீடுகள்) சாணக்குழியில் தோண்டி, ஈரப் பாசியில் பொதிந்து எடுத்துப்போவேன். கீழே வெயிலில் மலைப்புழு சீக்கிரம் துவண்டுவிடும். தலைப்பக்கம் இரண்டு குத்து போதும், வால் துடிக்கட்டும். உயிர்மீனை இரையாக வைத்தால் உதட்டில்தான் முள் ஏற்றவேண்டும். அப்போது அது நீரை எதிர்த்து நின்று மூச்சு விடும். முதுகில் குத்தினால் இழுப்பில் பம்பரமாகச் சுழன்று செத்துப்போகும்.

சற்று மேல்நீர்ப் பக்கம் எறிந்து நரம்பைக் கொஞ்சம் தளர விடுங்கள். வில்லாக வளைந்து ஈயத்தை அழுத்திப் பிடிக்கும். இப்படிப் போட்டால் மீன் கடிக்கும்போது பெரும்பாலும் கோல் குனியாது; ஈயம் பெயர்ந்து நரம்பு சட்டென்று தொய்யும். ஈயம் தானாக நழுவியது என்று நினைத்து நான் விட்ட வாளைகளுக்குக் கணக்கில்லை.

மேலே பில்லூர் அணையில் தண்ணீர் திறந்தால் ஆறு திடீரென ஏறும். வந்ததும் நீர் விளிம்பில் ஒரு வெள்ளைக் கல்லை வைப்பேன். அது நனைந்தால், கோல் துடித்துக்கொண்டிருந்தாலும் சுருட்டிக்கொண்டு மேலேறிவிடுவேன்.