போன் கொதிக்கிறதா? முதலில் கவரைக் கழற்றுங்கள்

சார்ஜ் போட்டபடியே மெத்தையில் கிடந்து ரீல்ஸ் பார்ப்பது, போன் சூடாக இதைவிட வேறு காரணம் தேவையில்லை. சார்ஜ் ஏறும்போது பேட்டரி சூடாகும், திரையும் பிராசஸரும் அதோடு சேர்ந்துகொள்ளும், பெரும்பாலான போன்களில் விசிறி கிடையாது என்பதால் அந்தச் சூடு போனின் உடம்பு வழியாகத்தான் வெளியே போயாக வேண்டும். தடித்த ரப்பர் கவரும் பஞ்சு மெத்தையும் அடைத்துக்கொண்டால் எங்கே போகும்? கவரைக் கழற்றி, மேசையிலோ வெறும் தரையிலோ வைத்து சார்ஜ் போடுங்கள். தலையணைக்கு அடியில் வேண்டவே வேண்டாம்.

பைக்கில் மேப் போட்டு ஓட்டுபவர்கள் பாடு இன்னும் மோசம். ஐபோனைப் பயன்படுத்த ஆப்பிள் சொல்லும் வெப்ப வரம்பே 35 டிகிரி செல்சியஸ்தான், சென்னை மே மாத வெயில் அதைச் சர்வசாதாரணமாகத் தாண்டும். திரை மங்குவதும் சார்ஜ் ஏறாமல் நிற்பதும் போன் தன்னைக் காத்துக்கொள்ளும் வழி, பயப்பட வேண்டாம். ஓரமாக நிறுத்தி வழியைப் பார்த்துவிட்டுப் பையில் போட்டுக்கொள்ளுங்கள்.

அப்புறம், ஃபிரிட்ஜில் வைக்கிற வேலை மட்டும் கூடாது, உள்ளே ஈரம் கோத்துவிடும். நிழலில், ஃபேனுக்குக் கீழே வைத்தால் போதும். பின்பக்கம் உப்பித் திரை தூக்கிக்கொண்டு நின்றால் பேட்டரி வீங்கிவிட்டது என்று அர்த்தம். அதை அமுக்கிப் பார்க்காமல், சார்ஜும் போடாமல், நேராக சர்வீஸ் சென்டருக்குக் கொண்டுபோங்கள்.