போத்தலுக்குள் ‘அன்னபூரணி’: இரு பாய்மரக் கப்பல் ஒன்றைச் செய்யும் முறை

போத்தலுக்குள் நிற்கும் கப்பலைக் காண்பவர்கள் பெரும்பாலும் முதலில் கேட்பது, போத்தலின் அடியை வெட்டி ஒட்டினீர்களா என்பதுதான். போத்தலை யாரும் வெட்டுவதில்லை. கப்பல் முழுவதும் மேசையில் வைத்தே கட்டப்படுகிறது. பாய்மரங்களின் அடியில் கீல் வைத்து, அவற்றைப் பின்புறமாகச் சாய்த்து, பாய்களைச் சுருட்டி, மெலிந்த ஒரு கட்டாகக் கழுத்து வழியே உள்ளே செலுத்திய பின்னர், வெளியே விடப்பட்ட நூல்களை இழுத்து மரங்களை நிமிர்த்துகிறோம். உள்ளே நடப்பது சில நிமிட வேலை. அதற்கு முன் மேசையில் நடப்பது பல வார வேலை. நான் கண்ட தோல்விகளில் பெரும்பாலானவை கழுத்தைத் தாண்டும் முன்பே மேசையில் தீர்மானமாகிவிட்டவை. ஆகவே இங்கும் மேசை வேலைக்கே அதிக இடம் தந்திருக்கிறேன்.

இன்று எஞ்சியிருக்கும் போத்தல் கப்பல்களுள் ஆண்டு தெரிந்த மிகப் பழையது எனக் கருதப்படுவது, 1784ஆம் ஆண்டில் ஜியோவானி பியோண்டோ செய்தது. அது ஜேர்மனியின் லூபெக் நகர அருங்காட்சியகத்தில் இருக்கிறது. ஆனால் தெளிந்த கண்ணாடிப் போத்தல்கள் மலிவாகக் கிடைக்கத் தொடங்கிய 19ஆம் நூற்றாண்டில்தான், நெடும்பயணம் போகும் பாய்க்கப்பல் மாலுமிகளிடையே இக்கலை பரவியது. அவர்களிடம் இருந்தவை ஒரு பேனாக்கத்தி, மரச் சில்லுகள், நூல், ஏராளமான நேரம் ஆகியவையே. இன்றைக்கும் அதற்கு மேல் பெரிதாக எதுவும் தேவையில்லை.

முதற்கப்பலுக்கு மூன்று பாய்மரங்கள் வேண்டாம். இரண்டு பாய்மரங்கள் கொண்ட பிரிகன்டைன் வகையை எடுத்துக்கொள்ளுங்கள். அதன் முன்மரத்தில் பருமல் எனப்படும் குறுக்குத் தண்டுகளிலிருந்து சதுரப் பாய்கள் தொங்கும். பின்மரத்தில் கப்பலின் நீளவாட்டில் விரியும் பெரிய பாய் இருக்கும். இரண்டு வகைப் பாய்களையும் ஒரே கப்பலில் பழகிவிடலாம். அந்த வகையில் நமக்கு மிக அருகில் உள்ள கப்பல் ‘அன்னபூரணி’. யாழ்ப்பாணக் குடாநாட்டின் வல்வெட்டித்துறையில் 1930இல் கட்டப்பட்ட அந்த 89 அடிக் கப்பலை வில்லியம் ஆல்பர்ட் றொபின்சன் என்ற அமெரிக்கர் வாங்கி, தம் மனைவியின் பெயரால் ‘புளோரன்ஸ் சி. றொபின்சன்’ என மாற்றினார். வல்வெட்டித்துறை மாலுமிகள் செலுத்த, அது 1938 ஆகஸ்ட் மாதத்தில் அமெரிக்காவின் மசாசுசெட்ஸ் மாநிலத்திலுள்ள குளொஸ்டர் துறைமுகத்தை அடைந்தது. அந்தக் கப்பலை ஒரு சாணுக்குள் அடங்கும் போத்தலில் நிறுத்தி வைப்பது எனக்கு வெறும் பொழுதுபோக்காகத் தோன்றவில்லை.

முதலில் போத்தல். நிறமற்ற, எழுத்து பொறிக்கப்படாத, உருளை வடிவான 750 மில்லிலீற்றர் போத்தலே ஏற்றது. பலரும் போத்தலின் நீளத்தைப் பார்த்துக் கப்பலின் நீளத்தை முடிவு செய்கிறார்கள்; அது தவறு. கழுத்து, கப்பலின் அகலத்தைத் தீர்மானிக்கிறது. வயிற்றின் உள்விட்டம், பாய்மரத்தின் உயரத்தைத் தீர்மானிக்கிறது. நீளம் இவ்விரண்டிலிருந்தும் தானாகவே வந்துவிடும். உள்விட்டத்தை அளக்க எளிய வழி ஒன்று உண்டு. தென்னோலை ஈர்க்குத் துண்டு ஒன்றின் நடுவில் நூலைக் கட்டி, அதை நீளவாட்டில் உள்ளே விட்டு, ஒரு கம்பியால் நிமிர்த்திப் பாருங்கள். நிமிராவிட்டால் நூலைப் பிடித்து வெளியே எடுத்து ஒரு மில்லிமீற்றர் நறுக்கி மறுபடியும் விடுங்கள். எந்த நீளத்தில் ஈர்க்கு கண்ணாடியைத் தொட்டும் தொடாமலும் நிமிர்ந்து நிற்கிறதோ, அதுவே உள்விட்டம்.

உள்விட்டம் 70 மில்லிமீற்றர், கழுத்தின் உள்ளளவு 18 மில்லிமீற்றர் என்று வைத்துக்கொள்வோம். கடலுக்கு 12 மில்லிமீற்றர் ஆழமும், மர நுனிக்கு மேலே 5 மில்லிமீற்றர் இடைவெளியும் விட்டால், நீர்மட்டத்திலிருந்து 53 மில்லிமீற்றர் மிஞ்சும். அதில் கப்பலின் தளம் 5 மில்லிமீற்றரை எடுத்துக்கொண்டால், பாய்மரம் 48 மில்லிமீற்றருக்கு மேல் போக முடியாது. அந்த உயரத்துக்குப் பொருத்தமாகத் தோன்றும் உடலின் நீளம் ஏறத்தாழ 60 மில்லிமீற்றர். 89 அடி என்பது 27 மீற்றர் ஆகையால், நம் மாதிரி உண்மைக் கப்பலில் 450இல் ஒரு பங்கு. நீளத்தில் ஐந்தில் ஒரு பங்காக 12 மில்லிமீற்றர் அகலம் வைத்தால், 18 மில்லிமீற்றர் வட்டத்துக்குள் அது போக, உடலும் மடித்த மரங்களும் பாய்களும் சேர்ந்து 13 மில்லிமீற்றர் உயரம் வரை இடம் கிடைக்கும். அகலத்தை 16 ஆக்கினாலோ அந்த இடம் 8 மில்லிமீற்றராகச் சுருங்கிவிடும். நாற்கோணத்தின் மூலைவிட்டம் வட்டத்தின் விட்டத்தைத் தாண்டக்கூடாது என்ற பள்ளிக்கூடக் கணக்குத்தான் இது. இதைச் செய்யாமல் மரத்தில் கை வைக்க வேண்டாம்.

உடலுக்குப் பூவரசம் கட்டை நல்லது. அதன் இழை நெருக்கமானது, கத்திக்கு இணங்கும், மெல்லிய துளைகளிலும் பிளக்காது. நீர்மட்டத்துக்குக் கீழுள்ள பகுதி கடலுக்குள் மறைந்துவிடும் என்பதால் அதைச் செதுக்கத் தேவையில்லை; அடி தட்டையாகவே இருக்கட்டும். அணியம் எனப்படும் முன்முனையைக் கூராக்கி, பின்புறத்தைச் சற்று உயர்த்தி, உப்புத்தாளால் தேய்த்து, இரண்டு பூச்சு வர்ணம் அடித்து உலர விடுங்கள். பின்னர் அதைக் கழுத்துக்குள் ஒரு முறை விட்டு எடுங்கள். வர்ணத்துக்கும் கனம் உண்டு.

பாய்மரங்களை மூங்கில் குச்சியிலிருந்து 1.5 மில்லிமீற்றர் கனத்துக்குச் சீவிக்கொள்ள வேண்டும். ஒவ்வொரு மரத்தின் அடியிலும், நுனியிலிருந்து ஒரு மில்லிமீற்றர் மேலே, கப்பலின் அகலவாட்டில் 0.5 மில்லிமீற்றர் துளை இடுங்கள். மெல்லிய செப்புக் கம்பியை அத்துளையில் கோத்து, இரு முனைகளையும் கீழ்நோக்கி மடித்து, தளத்தில் இட்ட இரண்டு துளைகளில் இறக்கிப் பசை வையுங்கள். இதுதான் கீல். மரத்தின் அடிப்பக்கத்தில் பின்விளிம்பை உருட்டிவிட்டால் மரம் தடையின்றிப் பின்னால் சாயும். முன்விளிம்பைச் சதுரமாகவே விட்டால் நிமிர்ந்த நிலையில் தளத்தில் ஊன்றி நிற்கும்.

இனி வருவது இந்த வேலையின் உயிர்நிலை. பாய்மரத்தை இருபுறமும் தாங்கும் பக்கக் கயிறுகள் கப்பலின் விளிம்பில் எந்த இடத்தில் கட்டப்படுகின்றன என்பதைப் பொறுத்தே மரம் மடியுமா, மடியாதா என்பது அமைகிறது. அவற்றின் அடிகள் யாவும் மரத்தின் கீலுக்குப் பின்னால் இருக்க வேண்டும். பக்கத்துக்கு மூன்று கயிறுகள் என்றால், கீலிலிருந்து 2, 3.5, 5 மில்லிமீற்றர் பின்னால் துளைகளை இடலாம். அப்போது மரம் பின்னே சாயும்போது அதன் உச்சி கயிற்றின் அடியை நெருங்குவதால் கயிறு தளரும். நிமிரும்போது கயிறு இறுகி, மரம் அதற்கு மேல் முன்னே சரியாமல் தடுக்கும். ஒரே ஒரு கயிற்றின் அடி கீலுக்கு முன்னால் போய்விட்டாலும் நிலைமை தலைகீழாகும். நான் செய்த முதல் கப்பலில், பார்வைக்கு ஒழுங்காக இருக்கட்டும் என்று முதல் துளையைக் கீலுக்கு ஒரு மில்லிமீற்றர் முன்னே இட்டேன். நிமிர்ந்து நின்றபோது குறை எதுவும் தெரியவில்லை. மடிக்க முயன்றபோது மரம் பாதிவழியில் வில்லாக வளைந்து நின்றது. இன்னும் சற்று அழுத்தியதும் கீலுக்கு மேலே முறிந்தது. இரண்டு வார வேலை அந்த ஒரு மில்லிமீற்றரில் போயிற்று.

கயிறுகளுக்கு மெல்லிய தையல் நூல் போதும். அதைத் தேன்மெழுகுக் கட்டி மீது இரண்டு முறை இழுத்துவிட்டால் பிசிர் அடங்கும், முடிச்சும் வழுக்காது. ஒரு பக்கத்தின் விளிம்புத் துளையில் தொடங்கி, மரத்தின் மேற்பகுதியிலுள்ள துளைக்குள் நுழைந்து, மறுபக்க விளிம்புக்கு இறங்கி, மீண்டும் மேலேறும் விதமாக ஒரே நூலாலேயே எல்லாப் பக்கக் கயிறுகளையும் கோத்துவிடலாம். மரம் நிமிர்ந்த நிலையில் இறுக்கத்தைச் சரிபார்த்த பின்னரே பசை வையுங்கள்.

மரங்களை நிமிர்த்தும் நூல்கள் வேறு. அணியத்திலிருந்து முன்னோக்கி நீளும் 15 மில்லிமீற்றர் மூக்குத்தண்டில் நூலுக்கு ஒன்றாகச் சிறு துளைகள் இடுங்கள். முன்மரத்தின் உச்சியில் கட்டிய நூல் நேரே இறங்கி ஒரு துளை வழியே வெளியே வரட்டும். பின்மரத்தின் நூல், முன்மரத்தின் நடுவிலுள்ள துளையைக் கடந்து, மூக்குத்தண்டின் அடுத்த துளையால் வெளியே வரட்டும். இந்த நூல்களுக்குப் பசை வைக்கக் கூடாது. அவை தடையின்றி வழுக்கிச் செல்ல வேண்டும். ஒவ்வொன்றிலும் 30 சென்ரிமீற்றர் மிச்சம் விட்டு, நுனிகளில் வெவ்வேறு நிறத் தாள் துண்டுகளை ஒட்டிவையுங்கள். கழுத்துக்கு வெளியே எல்லா நூல்களும் ஒன்றுபோலவே தெரியும்.

பருமல்களை முன்மரத்தோடு இறுக்கி ஒட்டினால் அவை கழுத்தில் குறுக்கே நின்றுவிடும். ஒவ்வொன்றின் நடுவிலும் ஒற்றை நூல் வளையத்தால் மட்டும் மரத்தோடு கட்டுங்கள். அப்போது விரலால் தள்ளினால் அது மரத்துக்கு இணையாகத் திரும்பும். பாய்களுக்கு மெல்லிய தாளைச் சாயமுள்ள தேநீரில் நனைத்து உலர்த்திக்கொண்டால் பருத்தித்துணியின் நிறம் வரும். பென்சிலில் சுற்றிவைத்தால் காற்று நிறைந்த வளைவும் கிடைக்கும். சதுரப் பாய்களின் மேல்விளிம்பை மட்டும் பருமலில் ஒட்டுங்கள். கீழ்விளிம்பு விடுதலையாக இருந்தால்தான் சுருட்ட முடியும். முன்புறத்து முக்கோணப் பாய்களை, மரங்கள் நிமிர்ந்து நிற்கும்போது நூலின் மேல் ஒட்டுங்கள். சாய்ந்த நிலையில் ஒட்டினால், இழுக்கும்போது பாய் மூக்குத்தண்டின் துளையில் போய்ச் சிக்கும்.

கப்பல் முடிந்ததும் அதை மேசையில் வைத்துப் பத்து முறையாவது மடித்து நிமிர்த்துங்கள். எந்த நூல் எதில் மாட்டுகிறது, எந்தப் பருமல் திரும்ப மறுக்கிறது என்பது நான்காவது, ஐந்தாவது முறையில்தான் தெரியவரும். பிறகு கழுத்தின் உள்ளளவுக்குத் தாளால் ஒரு குழாய் செய்து, மடித்த கப்பலை அதனூடே விட்டு எடுங்கள். குழாயில் உராய்ந்தால் கண்ணாடியிலும் உராயும். இந்தச் சோதனையில் தேறாத கப்பலைப் போத்தல் அருகே கொண்டுபோகாதீர்கள்.

கடலுக்கு யன்னல் கண்ணாடி பொருத்தும், ஆளிவிதை எண்ணெயில் பிசைந்த புட்டி (putty) எனும் களிமண் போன்ற பசை ஏற்றது. எண்ணெய் வர்ணத்தைச் சேர்த்துப் பிசைந்து, பென்சில் கனத்தில் உருட்டி, கழுத்தில் ஒட்டாதிருக்க ஒரு தாள் குழாய் வழியே உள்ளே தள்ளுங்கள். நிறத்தைப் பற்றி ஒரு சொல்: கடைகளில் விற்கப்படும் மாதிரிகளில் கடல் ஒரே நீலமாக இருக்கும். வல்வெட்டித்துறைக் கரையில் நின்று பார்த்தவருக்கு அது பச்சை கலந்த வெளிர் நீலம் என்று தெரியும், ஆழ்கடலோ கருநீலம். உங்கள் கப்பல் எங்கே நிற்கிறது என்பதை முதலில் முடிவு செய்துவிட்டு நிறத்தைக் கலக்குங்கள். ஒரு நீண்ட கம்பியின் நுனியைத் தட்டி அகலமாக்கி, அதால் புட்டியைப் பரப்பி, காற்று வரும் திசைக்குக் குறுக்காக அலைகளை எழுப்புங்கள். கப்பலின் அடியளவுக்கு ஒரு கட்டையை வெட்டி அழுத்தி எடுத்தால் அது அமரும் பள்ளம் கிடைக்கும். ஒரு வாரம் கழித்து அலை முகடுகளில் வெள்ளை வர்ணத்தைத் தொட்டுத் தொட்டு வையுங்கள்.

புட்டி முழுவதும் உலரும்வரை போத்தலின் வாயை மூடக் கூடாது. அவசரப்பட்டுப் பத்தாம் நாள் மூடிய என் போத்தல் ஒன்றின் உட்சுவரில் எண்ணெய் ஆவி படிந்து, பனிமூட்டத்துக்குள் நிற்பதுபோல் கப்பல் மங்கிவிட்டது. அதைத் துடைக்க வழியே இருக்கவில்லை. குறைந்தது மூன்று வாரங்கள், மழைக்காலமானால் இன்னும் கூடுதலாக, திறந்தே வையுங்கள். உடனே இறுகும் சுப்பர் குளூ வகைப் பசையையும் போத்தலுக்குள் பயன்படுத்த வேண்டாம்; அதன் ஆவியும் கண்ணாடியில் வெண்படலமாகப் படியும். உள்ளே செய்யும் ஒட்டுக்களுக்கு வெள்ளை மரப்பசையே போதும்.

கப்பலை ஏற்றும் நாளில் அவசர வேலை எதுவும் வைத்துக்கொள்ளாதீர்கள். கடலின் பள்ளத்தில் பசை இட்டபின், பாய்களை மரத்தைச் சுற்றி மெதுவாகச் சுருட்டி, பருமல்களைத் திருப்பி, கப்பலின் பின்புறம் முதலில் போகும்படி கழுத்துக்குள் செலுத்துங்கள். அப்போதுதான் அணியமும் அதிலிருந்து வரும் நூல்களும் வாயை நோக்கி இருக்கும். வளைத்த சைக்கிள் கம்பியால் கப்பலைப் பள்ளத்தில் அமர்த்தி அழுத்தி, பசை இறுகும்வரை ஒரு நாள் அப்படியே விடுங்கள். அடி ஒட்டாத கப்பலின் நூலை இழுத்தால் மரம் நிமிராது, கப்பல்தான் கிளம்பி வரும்.

மறுநாள் இரண்டு நூல்களையும் ஒன்றாகப் பிடித்து, சுவாசத்தை அடக்கிக்கொண்டு, சிறிது சிறிதாக இழுங்கள். முன்மரம் பின்மரத்தின் மேல் படுத்திருப்பதால் இரண்டும் சேர்ந்தே எழ வேண்டும். எங்காவது தடை தெரிந்தால் வலுவாக இழுக்காமல் சற்றுத் தளர்த்தி, கம்பியால் சிக்கலை விடுவித்த பிறகே தொடருங்கள். மரங்கள் நிமிர்ந்து பக்கக் கயிறுகள் இறுகியதும், நூல் நுனிகளைப் போத்தலுக்கு வெளியே ஒட்டுநாடாவால் பொருத்திவிட்டு, பருமல்களைக் குறுக்காகத் திருப்பி, பாய்களை விரியுங்கள். மூக்குத்தண்டின் துளைகளில் கம்பி நுனியால் ஆளுக்கொரு துளி பசை வைத்து, முழு நாள் காத்திருங்கள். அதன்பின் சவர அலகின் சிறு துண்டைச் சைக்கிள் கம்பியின் நுனியில் கட்டி, எஞ்சிய நூலைத் துளைக்கு ஒட்ட அறுத்துவிடலாம். ஊதுபத்தி நுனியால் சுட்டு அறுப்பவர்களும் உண்டு. புகைக்கறை கண்ணாடியில் படியக்கூடும் என்பதால் நான் அலகையே விரும்புகிறேன்.

கழுத்தின் உட்புறத்தைச் சாராயத்தில் நனைத்த பஞ்சால் துடைத்து உலர்த்தி, தக்கையை இறுக்கி, மேலே அரக்கு உருக்கி ஊற்றுங்கள். போத்தல் உருளாதிருக்க இரண்டு பள்ளக் கட்டைகள் போதும். நேர் வெயில் படும் யன்னலோரத்தில் மட்டும் வைக்க வேண்டாம். வெயில் ஏறினால் புட்டி வெடிக்கும், தாள் பாய்களும் ஓரிரு ஆண்டுகளில் பழுப்பேறிவிடும்.