திரையைப் பார்த்து வீட்டிலேயே சமநிலைப் பயிற்சி செய்வது எப்படி?

காணொளியைப் பார்த்து வீட்டிலேயே செய்யும் சமநிலைப் பயிற்சியில் மறந்துவிடக் கூடாத ஒரு குறை உண்டு: திரையில் இருக்கும் பயிற்றுநரால் உங்களைப் பார்க்க முடியாது. உங்கள் முழங்கால் உள்பக்கமாக மடங்குவதும், அறியாமலேயே நீங்கள் மூச்சை அடக்கிக்கொள்வதும், நாற்காலியைத் தேவைக்கு மேல் இறுகப் பிடித்திருப்பதும் அவருக்குத் தெரியாது. நேரில் இருப்பவர் கண்ணால் கண்டு திருத்தும் அத்தனைக்கும் நீங்களே முன்கூட்டி ஏற்பாடு செய்துகொண்டால், இந்தப் பயிற்சிகள் பாதுகாப்பாகவும் பலன் தருபவையாகவும் அமையும்.

பலன் உண்டா என்ற ஐயம் வேண்டியதில்லை. உலக சுகாதார நிறுவனம் 2020-இல் வெளியிட்ட உடலியக்க வழிகாட்டுதல்கள், 65 வயதும் அதற்கு மேலும் ஆனவர்கள் வாரத்தில் 3 நாட்களுக்குக் குறையாமல் சமநிலையையும் தசை வலுவையும் சேர்த்து வளர்க்கும் பயிற்சிகளைச் செய்ய வேண்டும் என்கின்றன. நியூசிலாந்தின் ஒட்டாகோ பல்கலைக்கழகத்தில் 1990-களில் உருவான வீட்டுப் பயிற்சித் திட்டம், கால் தசைகளை வலுவாக்கும் அசைவுகள், சமநிலை அசைவுகள், நடை ஆகிய எளிய கூறுகளால் ஆனது. ஆய்வுகளில் அது முதியோர் கீழே விழுவதை ஏறத்தாழ மூன்றில் ஒரு பங்கு குறைத்தது. ஆனால் அத்திட்டத்தில் பயிற்சி பெற்ற ஒருவர் வீட்டுக்கே வந்து, அவரவர்க்கு ஏற்ற அசைவுகளைத் தேர்ந்து, சில வாரங்களுக்கு ஒருமுறை கடினத்தைக் கூட்டினார் என்பதையும் சேர்த்தே நினைவில் கொள்ள வேண்டும். காணொளியில் இல்லாமல் போவது அந்தப் பகுதிதான்.

சிலர் மருத்துவரைக் கேட்காமல் தொடங்கக் கூடாது. கடந்த ஓராண்டில் கீழே விழுந்தவர்கள், அண்மையில் அறுவை சிகிச்சையோ எலும்பு முறிவோ கண்டவர்கள், எழுந்து நிற்கும்போது கண் இருட்டுபவர்கள், தலைசுற்றல் நோய்க்குச் சிகிச்சை பெறுபவர்கள், நீரிழிவால் பாதத்தில் உணர்வு குறைந்தவர்கள் ஆகியோர் எந்தக் காணொளி ஏற்றது என்று கேட்பதற்கு முன், எந்த அசைவுகளைத் தவிர்க்க வேண்டும் என்று கேட்டுத் தெரிந்துகொள்வது நல்லது. எலும்பு அடர்த்தி குறைந்தவர்கள் முதுகை வளைத்து ஆழமாகக் குனிவதையும், முதுகை வேகமாகத் திருகுவதையும் தவிர்க்கும்படி பொதுவாகவே அறிவுறுத்தப்படுகிறார்கள். மென்மையான பயிற்சி என்று தலைப்பிட்ட காணொளிகளிலும் இந்த இரண்டும் இடம்பெறுவதுண்டு.

எந்தக் காணொளியைத் தேர்ந்தெடுப்பது?

நாம் நிலையாக நிற்பதற்கு மூன்று வழிகளில் மூளைக்குச் செய்தி போகிறது. கண்கள் சுற்றுப்புறத்தைக் காட்டுகின்றன. உட்செவியில் உள்ள உறுப்புகள் தலை எப்பக்கம் சாய்கிறது, எவ்வளவு வேகமாகத் திரும்புகிறது என்று சொல்கின்றன. பாதத்தின் தோலும் கணுக்கால் முதலிய மூட்டுகளும் தசைகளும் உடலின் எடை எங்கே இறங்குகிறது என்று அறிவிக்கின்றன. அசையாத ஒரு புள்ளியைப் பார்த்துக்கொண்டு ஒற்றைக் காலில் நிற்பது எளிது. தலையைத் திருப்பிக்கொண்டு நிற்பது கடினம். திரையில் ஓடும் படத்தைப் பார்த்துக்கொண்டே பயிற்சி செய்பவர், பயிற்றுநர் சொல்லாத இந்தக் கூடுதல் கடினத்தைத் தாமாகவே ஏற்றுக்கொள்கிறார். இதை உணர்ந்துகொண்டால் காணொளியைத் தேர்வதில் பாதி வேலை முடிந்துவிடும்.

எனவே, திரையைப் பார்க்காமல் கேட்டே செய்யக்கூடிய அளவுக்குத் தெளிவாகப் பேசும் பயிற்றுநரைத் தேடுங்கள். ஓர் அசைவு தொடங்கும் முன்பே அது என்ன, எந்தக் கால், எத்தனை முறை என்று அவர் சொல்லிவிட வேண்டும். இசையை மட்டும் ஓடவிட்டு, பேச்சின்றி அசைவுகளைக் காட்டும் காணொளிகள் பார்க்க அழகாக இருந்தாலும் சமநிலைப் பயிற்சிக்கு ஏற்றவை அல்ல என்பது என் உறுதியான கருத்து. ஒவ்வோர் அசைவுக்கும் நாற்காலியைப் பிடித்துச் செய்யும் வடிவமும் பிடிக்காமல் செய்யும் வடிவமும் காட்டப்படுகின்றனவா, பயிற்றுநரின் பாதங்கள் எப்போதும் படத்துக்குள் இருக்கின்றனவா என்றும் பாருங்கள். இவ்வகைப் பயிற்சியில் கற்க வேண்டியவற்றுள் பெரும்பகுதி பாதத்தில்தான் நடக்கிறது. முகத்தை நெருங்கிக் காட்டி, இடுப்போடு படத்தை வெட்டிவிடும் காணொளியால் பயனில்லை.

பயிற்றுநர் இயன்முறை மருத்துவரா, முதியோர் பயிற்சியில் தேர்ச்சி பெற்றவரா என்பதைக் காணொளியின் கீழுள்ள விவரக் குறிப்பில் பெரும்பாலும் காணலாம். பார்வை எண்ணிக்கை தரத்துக்குச் சான்று ஆகாது. முதல் மாதத்தில் 10 முதல் 15 நிமிடக் காணொளி போதும். நாள்தோறும் புதிதாக ஒன்றைத் தேடுவதைவிட, ஒன்றையோ இரண்டையோ திரும்பத் திரும்பச் செய்தால் அசைவுகள் மனத்தில் பதிந்து, திரையைப் பார்க்கும் தேவை குறையும்.

அறையும் திரையும்

கைப்பேசியைத் தரையிலோ தாழ்ந்த மேசையிலோ வைத்தால் கழுத்து குனிந்து, உடலின் எடை முன்னோக்கிச் சாயும். திரை நீங்கள் நிற்கும்போது கண்மட்டத்தில், நேர் எதிரே இருக்க வேண்டும். தொலைக்காட்சியில் போட்டுப் பார்க்க முடிந்தால் அதுவே சிறந்தது. பக்கவாட்டில் திரும்பி நிற்கும் அசைவுகளில் திரையைத் தேடித் தலையைத் திருப்பாமல், குரலை மட்டும் கேளுங்கள்.

நாற்காலி கனமானதாகவும், சக்கரமும் மடக்கும் இணைப்பும் இல்லாததாகவும் இருக்கட்டும். அதன் முதுகுப்புறம் சுவரைத் தொட்டிருந்தால் எழுந்து உட்காரும் பயிற்சியின்போது பின்னால் நகராது. பிடித்து நிற்பதற்கு நாற்காலியைவிடச் சமையல் மேடை இன்னும் உறுதியானது. கால் வழுக்கும் விரிப்பு, மின்கம்பி, செல்லப் பிராணி எதுவும் அருகில் இருக்கக் கூடாது. காலுறையோடு வழவழப்பான தரையில் நிற்பது ஆபத்து. வெறுங்காலோ, அடிப்பாகம் வழுக்காத காலணியோ போதும். பாதத்தில் உணர்வு குறைந்தவர்களுக்குக் காலணியே பாதுகாப்பு.

காணொளியை முதன்முறை உட்கார்ந்தே முழுவதும் பாருங்கள். இதைப் பலர் வீண் என்று எண்ணித் தவிர்த்துவிடுகிறார்கள். ஆனால் எந்த இடத்தில் வேகம் கூடுகிறது, எந்த அசைவு உங்களுக்கு ஒவ்வாது, எங்கே நிறுத்தி மூச்சு வாங்கலாம் என்பதெல்லாம் அப்போதுதான் தெரியும். வேகம் அதிகமாகத் தோன்றினால், யூடியூபின் அமைப்புகளில் ஓட்ட வேகத்தை 0.75 என்று குறைத்துக்கொள்ளலாம். எதிரே நிற்பவர் இடது என்று சொல்லி எந்தக் காலைத் தூக்குகிறார் என்ற குழப்பம் அடிக்கடி வரும். எந்தக் காலில் தொடங்கினாலும் இரண்டு பக்கமும் ஒரே எண்ணிக்கையில் செய்துவிட்டால் போதும். நடுவே விளம்பரம் வந்தால், ஒற்றைக் காலில் நின்றபடி கைப்பேசியை எட்டி அதைத் தள்ளிவிட முயலாமல், இரண்டு கால்களையும் ஊன்றிய பின் அதைக் கவனியுங்கள்.

அசைவுகளும் அவற்றின் வரிசையும்

முதல் 5 நிமிடம் மூட்டுகளுக்கு உரியது. உட்கார்ந்தபடி கணுக்காலைச் சுழற்றுவது, முன்பாதத்தை மேலே இழுத்துக் கீழே தாழ்த்துவது, தோள்களை உருட்டுவது, கைகளை மார்பின் குறுக்கே வைத்து மேல்முதுகை மெதுவாக இருபுறமும் திருப்புவது, பின்னர் நின்ற இடத்திலேயே காலடி மாற்றுவது என்று போகலாம். இவற்றுள் கணுக்காலுக்குக் கூடுதல் நேரம் கொடுங்கள். நிற்கும்போது உடல் சிறிதாகத் தள்ளாடினால் முதலில் அதைச் சரிசெய்வது கணுக்கால்தான். தள்ளாட்டம் பெரிதானால் இடுப்பு வேலை செய்கிறது. அதுவும் போதாதபோது ஓர் அடி எடுத்து வைத்து உடல் தன்னைக் காத்துக்கொள்கிறது. இறுகிப்போன கணுக்கால் உள்ளவருக்கு முதல் தடுப்பே இல்லாமல் போய்விடுகிறது.

அதன்பின் வலு சேர்க்கும் அசைவுகள். கையை ஊன்றாமல், இயலாவிட்டால் ஊன்றி, நாற்காலியிலிருந்து எழுந்து மெதுவாக உட்காருதல், நாற்காலியைப் பிடித்துக் குதிகாலை உயர்த்துதல், முன்பாதத்தை உயர்த்துதல், காலைப் பக்கவாட்டில் தூக்குதல் ஆகிய நான்கும் எந்த நல்ல காணொளியிலும் இருக்கும். ஒவ்வொன்றையும் 8 முதல் 10 முறை செய்யலாம். எழும்போது மூச்சை வெளியே விடுங்கள்; மூச்சை அடக்கிக்கொண்டு முயன்றால் இரத்த அழுத்தம் ஏறும். பயிற்றுநரோடு சேர்ந்து வாய்விட்டு எண்ணினால் மூச்சு தானாகவே ஓடும்.

சமநிலை அசைவுகளில் முன்னேறும் முறையைச் சற்று விரிவாகச் சொல்ல வேண்டும், ஏனென்றால் காணொளி எல்லோருக்கும் ஒரே வேகத்தில் முன்னேறுகிறது. முதலில் இரண்டு கைகளாலும் பிடித்து நிற்பது. பிறகு ஒரு கை. பிறகு விரல்நுனிகள் மட்டும். கடைசியில் கை பிடிமானத்துக்கு மேலே, தொடாமல், தயாராக நிற்பது. பிடி தளர்ந்த பின்னரே பாதங்களின் இடைவெளியைக் குறைக்க வேண்டும். அதற்குப் பிறகு தலையை இடமும் வலமும் மெதுவாகத் திருப்பலாம், அல்லது நின்றபடி நூறிலிருந்து எண்களைப் பின்னோக்கிச் சொல்வது போன்ற வேறொரு வேலையைச் சேர்க்கலாம். ஒரு நேரத்தில் ஒன்றை மட்டும் மாற்றுங்கள்: கையை விடும் நாளில் பாதத்தை நெருக்காதீர்கள், பாதத்தை நெருக்கும் நாளில் தலையைத் திருப்பாதீர்கள். கண்களை மூடி நிற்பது ஏணியின் உச்சிப்படி. இரு சுவர்கள் சேரும் மூலையில், முன்னே நாற்காலி இருக்க, அருகில் ஒருவர் துணை நிற்கும்போது மட்டும் அதைச் செய்யலாம். தனியாக இருக்கும்போது காணொளி அதைக் கேட்டாலும் கண்களைத் திறந்தே வைத்திருங்கள்.

சற்றே தள்ளாட வேண்டும். சிறிதும் தள்ளாட்டம் இல்லாத அசைவு உடலுக்கு எதையும் கற்றுத் தருவதில்லை. கையால் பற்றிக்கொண்டே இருக்க நேர்ந்தால் அது உங்களுக்கு இன்னும் கடினமானது. நெஞ்சில் வலியோ இறுக்கமோ, தலைசுற்றல், வழக்கத்துக்கு மாறான மூச்சுத்திணறல், மூட்டில் குத்தும் வலி இவற்றில் எது தோன்றினாலும் உடனே உட்காருங்கள். நெஞ்சுவலி ஓய்வெடுத்தும் அடங்காவிட்டால் அவசர மருத்துவ உதவியை நாட வேண்டும். தசையில் மறுநாள் தோன்றும் இலேசான வலி இயல்பானது.

உங்களைப் பார்க்கும் கண்

தொடக்கத்தில் குறிப்பிட்ட குறையை ஓரளவு ஈடுசெய்ய, இரண்டு வாரங்களுக்கு ஒருமுறை கைப்பேசியைச் சற்றுத் தொலைவில் நிறுத்தி, நீங்கள் பயிற்சி செய்வதைப் பதிவு செய்து பாருங்கள். காலைத் தூக்கும்போது உடல் மறுபக்கம் சாய்கிறதா, எழுந்து உட்காரும்போது முழங்கால்கள் ஒன்றை ஒன்று நெருங்குகின்றனவா, கடைசி நொடியில் நாற்காலியில் பொத்தென்று விழுகிறீர்களா என்பவை நிற்கும்போது தெரியாமல், பதிவில் தெளிவாகத் தெரியும்.

மாதம் ஒருமுறை, பிடிமானத்துக்கு அருகே, கண்களைத் திறந்தபடி, நான்கு நிலைகளிலும் 10 விநாடி நிற்க முடிகிறதா என்று பார்க்கலாம்: பாதங்களைச் சேர்த்து நிற்பது, ஒரு பாதத்தைச் சற்று முன்னே வைத்து நிற்பது, ஒரு பாதத்தின் குதிகால் மற்றதன் விரல்களைத் தொட நேர்கோட்டில் நிற்பது, ஒற்றைக் காலில் நிற்பது. மருத்துவர்கள் பயன்படுத்தும் எளிய சோதனை இது. மூன்றாவது நிலையில் 10 விநாடி நிற்க இயலாத முதியவர்களுக்குக் கீழே விழும் வாய்ப்பு அதிகம் எனக் கருதப்படுகிறது. அவர்கள் காணொளியை மட்டும் நம்பியிராமல் ஓர் இயன்முறை மருத்துவரை நேரில் ஒருமுறையாவது பார்க்க வேண்டும். போகும்போது கைப்பேசியில் எடுத்த பதிவையும், செய்துவரும் காணொளியையும் காட்டினால், எந்த அசைவை விடலாம், எதைக் கூட்டலாம் என்று அவர் பார்த்தே சொல்லிவிடுவார்.