வேலியோரத்தில் சுருக்குக் கம்பியைக் கண்டால் செய்ய வேண்டியவை

சத்தியமங்கலம், முதுமலை போன்ற காடுகளை ஒட்டிய ஊர்களில் காட்டுப்பன்றிக்கும் மானுக்கும் வைக்கப்படும் சுருக்கு, பெரும்பாலும் இருசக்கர வாகனத்தின் பிரேக் கம்பியிலோ கிளட்ச் கம்பியிலோ செய்யப்பட்டிருக்கும். அதன் ஒரு முனை வேலிக்கல்லிலோ உண்ணிச்செடியின் தூரிலோ இறுகக் கட்டப்பட்டு, மறுமுனை விலங்கு நுழையும் சந்தில் வட்டமாகத் தொங்கும். வேலியில் ஓரிடம் தவிர மற்றச் சந்துகளெல்லாம் புதிதாக முள் வெட்டி அடைக்கப்பட்டிருந்தால், அந்த ஓரிடத்தைக் குனிந்து பார்க்க வேண்டும்.

கண்டவுடன் அவிழ்த்து எறியவே கை பரபரக்கும். ஆனால் முடிச்சும் கம்பியும் சுற்றியுள்ள கால்தடமும்தான் வழக்குக்கு உயிர். எனவே எதையும் தொடாமல், தீப்பெட்டி ஒன்றை அருகில் வைத்து அளவு தெரியும்படி படமெடுத்து, கைபேசியில் இடக்குறியைச் சேமித்துக்கொண்டு, வனச்சரக அலுவலகத்துக்குத் தெரிவிக்க வேண்டும். இருட்டுவதற்குள் பணியாளர்கள் வர இயலாது என்றால், வனச்சரகரிடம் கேட்டு அவர் சொற்படி, விலங்கு சிக்காதபடி சுருக்கின் வட்டத்தை இறுக்கி மூடிவிடலாம். ஓர் உயிரைச் சாகவிட்டுச் சாட்சியத்தைக் காப்பதில் எனக்கு உடன்பாடில்லை. ஒரு சுருக்கு இருக்கும் இடத்தில் இன்னும் சில இருக்கக்கூடும் என்பதால், வேட்டைத் தடுப்புக் காவலர்களுடன் அந்த வேலி முழுவதையும் நடந்து பார்ப்பது நல்லது.

விலங்கு எதுவும் சிக்கவில்லையே என்று விட்டுவிடக் கூடாது. 1972-ஆம் ஆண்டின் வனஉயிரினப் பாதுகாப்புச் சட்டப்படி, பிடிக்க முயல்வதும் வேட்டையே ஆகும். அச்சட்டத்தின் முதல் அட்டவணையில் உள்ள சிறுத்தையை வேட்டையாடினால் குறைந்தது 3 ஆண்டு, அதிகபட்சம் 7 ஆண்டு சிறைத்தண்டனை உண்டு.

பன்றிக்கு வைத்த கம்பியில் சிறுத்தை சிக்குவது அரிதன்று. கம்பி பெரும்பாலும் இடுப்பில்தான் விழும். ஆள் நெருங்க நெருங்க அது துள்ளும், துள்ளத் துள்ளக் கம்பி உள்ளே அறுத்துக்கொண்டு போகும். ஆகவே கால்நடை மருத்துவர் மயக்க ஊசியுடன் வரும்வரை ஊராரைக் கண்ணில் படாத தொலைவுக்கு அனுப்பி, நாய்களைக் கட்டி, கூச்சலில்லாமல் பார்த்துக்கொள்வதே நாம் செய்யக்கூடிய பேருதவி.

பழத்திலோ மாவுருண்டையிலோ வெடிமருந்து வைத்த அவுட்டுக்காய் கிடந்தால், காலால்கூடத் தள்ளக் கூடாது. ஆடுமாடுகளை அப்புறப்படுத்திவிட்டுத் தகவல் சொல்ல வேண்டும். வேலியில் திருட்டு மின்சாரம் பாய்வதாகச் சந்தேகம் எழுந்தால், முதலில் மின்வாரியத்தை அழைத்து இணைப்பைத் துண்டிக்கச் செய்த பிறகே அருகில் போக வேண்டும். 2023 மார்ச்சில் தர்மபுரி மாவட்டம் மாரண்டஅள்ளி அருகே இத்தகைய வேலியில் 3 யானைகள் மாண்டன. உடன்வந்த 2 குட்டிகள் அந்த உடல்களை விட்டு அகலாமல் சுற்றிச்சுற்றி நின்றன.

கம்பி வைத்தவர் நமக்கு உறவினராகவோ பக்கத்துத் தோட்டக்காரராகவோ இருக்கலாம். தயக்கம் வருவது இங்குதான். தகவலை ஊரில் யார் வழியாகவும் சொல்லி அனுப்பாமல் வனச்சரகரிடமே நேரில் சொல்லி, பெயர் வெளிவராமல் பார்த்துக்கொள்ளும்படி முதலிலேயே கேட்டுக்கொள்ள வேண்டும். சம்பவ இடத்தில் கண்டதையும் கைப்பற்றியதையும் எழுதும் பதிவான மகஜரில் சாட்சியாகக் கையெழுத்திட இசைந்தால், பின்னாளில் நீதிமன்றத்துக்கு வர வேண்டியிருக்கும் என்பதை அறிந்து, எழுதியதை முழுவதும் படித்துப் பார்த்த பிறகே கையெழுத்திட வேண்டும்.