தனுஷ்கோடியில் பறவைக் கூட்டத்தை எண்ணுவது எப்படி?

மார்ச், ஏப்ரலில் வலசைப் பறவைகள் வடக்கே கிளம்பும். எண்ண ஆசைப்படுபவர்கள் கடல் நீர் ஏறும் நேரம் பார்த்துப் போங்கள். தண்ணீர் ஏறினால் சேற்றில் சிதறி மேயும் உள்ளான்கள் (சிறிய கரையோரப் பறவைகள்) மீதமுள்ள மணல்திட்டில் ஒதுங்கி நிற்கும். வெயில் முதுகில் படும்படி நிற்பது முக்கியம். எதிர்வெயிலில் எல்லாமே கறுப்பாகத்தான் தெரியும்.

ஆயிரக்கணக்கில் இருந்தால் ஒவ்வொன்றாக எண்ண முடியாது. முதலில் பத்தை எண்ணி, அது எவ்வளவு இடம் பிடிக்கிறது என்று கண்ணில் பதியுங்கள். அதைப் பத்து மடங்காக்கினால் நூறு. அப்புறம் நூறு நூறாகக் கூட்டத்தின் குறுக்கே நகருங்கள். அடர்த்தி மாறும் இடத்தில் அளவையும் மாற்ற வேண்டும். மறுமுனையிலிருந்து இன்னொரு முறை எண்ணி, இரண்டுக்கும் சராசரி எடுங்கள். பூநாரைகள் பெரியவை, அவற்றை நேராகவே எண்ணலாம்.

பருந்து இனங்களுக்கு மணல்மேடு ஏறி, தரை சூடானபின் வானத்தைப் பாருங்கள். செம்பருந்து இங்கேயே வாழ்வது; வலசைக் கணக்கில் சேர்க்காதீர்கள். சேற்றுப் பூனைப்பருந்து, விராலடிப்பான் போன்றவைதான் வலசை வரும் விருந்தாளிகள்.

கூட்டம் தலை நிமிர்த்தினால் உடனே பின்வாங்குங்கள். நீண்ட பயணத்துக்குக் கொழுப்புச் சேர்க்கும் நேரம் அது, வீணாகப் பறக்கவிடக் கூடாது.