பங்கு தருகிறேன் என்பார் நிறுவனர்: ஸ்டார்ட்அப்பில் சேர்பவர்கள் தவிர்க்க வேண்டிய தவறுகள்

பழைய மகாபலிபுரம் சாலையில் உள்ள சின்னஞ்சிறு நிறுவனங்களில் பல காலம் குப்பை கொட்டியவன் என்பதால், அங்கே சேரப்போகும் பிள்ளைகள் பணி நியமனக் கடிதத்தை என்னிடம் கொண்டுவந்து காட்டுகிறார்கள். நாங்கள் அன்று விழுந்த குழிகளில்தான் இவர்களும் விழுகிறார்கள். இரவு பதினோரு மணிக்கு வாட்ஸ்அப்பில் வேலை ஏவுவது, "நாமெல்லாம் ஒரே குடும்பம்" என்று சொல்லி ஞாயிற்றுக்கிழமையைப் பறிப்பது போன்றவை ஊரறிந்த கதை. அவற்றை விட்டுவிடுகிறேன்.

வாய்வார்த்தையாகச் சொன்ன பங்குக்காகச் சம்பளத்தைக் குறைத்துக்கொள்வது

இதை நினைத்தால் இன்றும் எரிச்சல் வருகிறது. 2021 செப்டம்பரில், சென்னையில் தொடங்கிய ஃப்ரெஷ்வொர்க்ஸ் என்ற மென்பொருள் நிறுவனம் அமெரிக்காவின் நாஸ்டாக் பங்குச் சந்தையில் பட்டியலிடப்பட்டபோது, அதன் ஊழியர்களில் 500 பேருக்கு மேல் கையிலிருந்த பங்குகளால் கோடீஸ்வரர் ஆனதாகச் செய்தி வந்தது. அது நடந்த விஷயம்தான். ஆனால் சம்பளத்தைக் குறைத்துப் பேச நினைக்கும் ஒவ்வொரு நிறுவனருக்கும் அது நல்ல சாக்காகிவிட்டது.

எனக்குத் தெரிந்த ஒரு பெண் மாதம் 70,000 ரூபாய் கேட்டார். "45,000 தருகிறேன், கூடவே அரை சதவீதம் பங்கு" என்றார் நிறுவனர். கடிதத்தில் இருந்ததோ ஒரே வரி: "நிறுவனத்தின் கொள்கைப்படி ஈசாப் வழங்கப்படும்." எத்தனை, என்ன விலை, எப்போது, எதுவும் இல்லை. மூன்றாம் ஆண்டில் அவர் ராஜினாமா செய்தபோதுதான் அப்படியொரு கொள்கையே எழுதப்படவில்லை என்று தெரிந்தது. அதைச் சொன்னவர், கணக்கையும் மனிதவளத்தையும் சேர்த்துப் பார்த்துக்கொண்டிருந்த நிறுவனரின் மைத்துனர்.

ஈசாப் என்பது பங்கு அல்ல, குறிப்பிட்ட விலைக்குப் பங்கை வாங்கிக்கொள்ளும் உரிமை. 2013ஆம் ஆண்டின் கம்பெனிகள் சட்டப்படி, பங்குதாரர்கள் தீர்மானம் போட்டுத் திட்டத்தை ஏற்க வேண்டும். பிறகு உங்கள் பெயருக்கு ஒதுக்கீட்டுக் கடிதம் வர வேண்டும். ஒதுக்கிய நாளிலிருந்து குறைந்தது ஓராண்டு கழிந்தால்தான் முதல் பகுதி கைக்கு வரும். கவனியுங்கள், வேலையில் சேர்ந்த நாளிலிருந்து அல்ல. "அடுத்த மாதம் தருகிறேன்" என்று அவர் இழுக்கும் ஒவ்வொரு மாதமும் உங்கள் கணக்கில் நஷ்டம்.

சதவீதத்தைக் கேட்டு மயங்காதீர்கள். எத்தனை உரிமைகள், நிறுவனத்தின் மொத்தப் பங்குகள் எத்தனை, வாங்கும் விலை என்ன, வேலையை விட்டபின் வாங்க எத்தனை நாள் அவகாசம் (பல திட்டங்களில் 90 நாள்தான்) என்று கேளுங்கள். வரியும் உண்டு. வாங்கும் நாளில் பங்கின் மதிப்புக்கும் நீங்கள் கொடுக்கும் விலைக்கும் உள்ள வித்தியாசம் சம்பள வருமானமாகவே கருதப்படும். பங்கை விற்று அந்த வரியைக் கட்டலாம் என்றால், பட்டியலிடப்படாத நிறுவனத்தின் பங்கை வாங்க யார் வருவார்? சில ஸ்டார்ட்அப்களுக்கு வரியைத் தள்ளிப்போடும் சலுகை உண்டு. வேலையை விட்டால் அதுவும் போயிற்று.

இவற்றை மெயிலில் எழுதிக் கேளுங்கள். ஒழுங்கான நிறுவனர் ஓரிரு நாளில் பதில் போட்டுவிடுவார். மற்றவர், "என்மேல் நம்பிக்கை இல்லையாம்மா?" என்பார். அந்தக் கேள்வி வந்தால் 70,000 ரூபாயிலேயே நில்லுங்கள்.

பிஎஃப் பிடித்துவிட்டால் கட்டியாயிற்று என்று நினைப்பது

சம்பளச் சீட்டில் பிடித்தம் காட்டுவது ஒன்று, பணம் போய்ச் சேர்வது வேறொன்று. அடுத்த மாதம் 15ஆம் தேதிக்குள் செலுத்தியாக வேண்டும். யுஏஎன் என்ற உங்கள் பிஎஃப் எண்ணைக் கொண்டு இணையத்தில் பாஸ்புக்கைத் திறந்து பாருங்கள். நிறுவனத்தில் காசுக்குத் தட்டுப்பாடு வந்தால் முதலில் நிற்பது இதுதான். ஊழியரிடம் பிடித்ததைக் கட்டாமல் விடுவது நம்பிக்கை மோசடிக் குற்றம். வருமான வரிப் பிடித்தத்தையும் வருமான வரித் துறையின் இணையதளத்தில் காலாண்டுக்கு ஒருமுறை சரிபார்த்துவிடுங்கள்.

நிறுவனரின் கல்லூரித் தோழரிடம் மனக்குறையைக் கொட்டுவது

மாலைக்குள் போய்ச் சேர்ந்துவிடும்.

"அடுத்த முதலீடு வந்தால் எல்லாம் சரியாகிவிடும்"

வந்தாலும் முதலில் மாறுவது அலுவலகத்தின் உள் அலங்காரம்தான்.

கோபத்தில் கிளம்புவது

கத்திவிட்டுப் போவதில் ஒரு சுகம் இருக்கத்தான் செய்கிறது. அதற்குமுன், சம்பளச் சீட்டுகளையும் ஒதுக்கீட்டுக் கடிதத்தையும் உங்கள் சொந்த மெயிலுக்கு அனுப்பிவைத்துக்கொள்ளுங்கள். ராஜினாமா போட்ட அன்றே அலுவலகக் கணக்கை முடக்கும் இடங்கள் உண்டு. மடிக்கணினியை ஒப்படைக்கும்போது அதன் வரிசை எண்ணை எழுதி ஒப்புகை வாங்குங்கள். பணியிலிருந்து விடுவித்ததாகச் சொல்லும் கடிதம் (ரிலீவிங் லெட்டர்) இல்லாவிட்டால் அடுத்த நிறுவனத்தின் சரிபார்ப்பில் நீங்கள்தான் பதில் சொல்ல வேண்டியிருக்கும்.

கடைசிச் சம்பளத்துக்கு "45 நாள் ஆகும்" என்று இன்னும் கடிதத்தில் அச்சடித்துக் கொடுக்கிறார்கள். 2025 நவம்பர் 21 முதல் நடைமுறையில் இருக்கும் ஊதியச் சட்டத் தொகுப்பின்படி, ராஜினாமா செய்தவருக்கு ஊதியத்தை இரண்டு வேலை நாட்களுக்குள் கொடுத்தாக வேண்டும். அதன் 17ஆம் பிரிவைக் குறிப்பிட்டே மெயில் எழுதுங்கள்.